கலற்றோசும் உயிர்க்கலமும்

வெல்லம் என்னுஞ் சொல் நாவின் சுவையையும் உடலின் வலிமையையுமே பெரும்பாலும் நமக்கு நினைவூட்டும். உயிர்க்கலமோ வெல்லத்தை எரிபொருளாக மட்டுமன்றி அடையாளமாகவும் ஆளுகின்றது. இவ்வுண்மையைக் கலற்றோசு என்னும் எளிய வெல்லமொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு பால்வெல்லமாகும். சிறுகுடலிலுள்ள நொதியமொன்று அதனைக் குளுக்கோசு, கலற்றோசு என இரண்டாகப் பிளக்கின்றது. இவ்விரண்டும் 6 காபனணுக்களும் 12 ஐதரசனணுக்களும் 6 ஒட்சிசனணுக்களும் கொண்டவை. அணுக்கள் இணைந்துள்ள ஒழுங்கும் ஒன்றே. நான்காவது காபனிற் பொருந்திய ஐதரொட்சிற் கூட்டம் நோக்குந் திசையில் மாத்திரமே அவை வேறுபடுகின்றன.

இச்சிறு வேறுபாட்டைக் கலம் நன்கு அறியும். குளுக்கோசைச் சிதைத்துச் சத்தி பெறும் நொதியங்கள் கலற்றோசை அவ்வாறே ஏற்கமாட்டா. ஆதலின் ஈரற்கலங்கள் முதற்கண் அதனோடு பொசுபேற்றைச் சேர்க்கின்றன. பின்னர் யூரிடீன் இருபொசுபேற்று என்னுந் தாங்கியில் அதனை ஏற்றுகின்றன. அந்நிலையில் ஐதரொட்சிற் கூட்டத்தின் திசையை மாற்றிக் குளுக்கோசு வடிவாக்குகின்றன. இவ்வழியை விளக்கிய ஆர்ஜென்ரீன நாட்டு அறிஞர் லூயிஸ் லெலுவார் 1970ஆம் ஆண்டில் இரசாயனத்துக்குரிய நோபெற் பரிசைப் பெற்றார்.

இனி, கலற்றோசு அடையாளமாகுமாற்றைக் காண்பாம். குருதி வகைகளை வியன்னா நகரிற் காள் லான்ட்சுரைனர் 1901இல் வெளிப்படுத்தினார். அவ்வகைகளுக்குக் காரணம் வெல்லமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செங்குருதிக் கலத்தின் புறத்தே நீண்டு நிற்கும் வெல்லச் சங்கிலியின் நுனியில் மேலுமொரு கலற்றோசு சேரின் அது பி வகை. அவ்விடத்திற் கலற்றோசின் வழிவந்த அசற்றைற் கலற்றோசமைன் சேரின் ஏ வகை. இருவகை நுனிகளும் உளவாயின் ஏபி வகை. இரண்டும் இலவாயின் ஓ வகை. ஏ வகையினருக்குப் பி வகைக் குருதியை ஏற்றுவோமாயின், அவர் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் அந்நுனியைக் கண்டு புதிய கலங்களைச் சிதைக்கும். உயிருக்கே இறுதி நேர்தலுங் கூடும்.

மற்றோர் இடரும் உண்டு. மேற்கூறிய இரண்டாம் படியை நிகழ்த்தும் நொதியம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இல்லை. இக்குறையை 1956இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். தாயும் தந்தையும் நோயற்றவராயினும், இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற குழந்தைக்கு இந்நோய் உண்டாகும். அக்குழந்தைக்குத் தாய்ப்பாலே நஞ்சாகின்றது. கலற்றோசுப் பொசுபேற்று ஈரலிலே திரளும்; வாந்தியும் மஞ்சட்காமாலையும் தோன்றும்; கண்ணிற் புரை படரும். பிறந்த சில நாட்களுள் நோயை அறிந்து பாலை விலக்கிச் சோயா முதலிய வேற்றுணவு ஊட்டின், உயிரைக் காத்தல் இயலும். பின்னாளிற் பேச்சிலும் கல்வியிலும் சில குறைகள் தோன்றுதலும் உண்டாகையால், மருத்துவர் கண்காணிப்பு நெடுங்காலம் வேண்டப்படும்.

பாலை விலக்கினால் அடையாளத்துக்கு வேண்டிய கலற்றோசு எங்ஙனங் கிடைக்கும் என ஒருவர் வினவலாம். கலம் குளுக்கோசின் திசையை மாற்றித் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளும். பால் அருந்தாத தாயின் மார்பிலும் பால்வெல்லம் ஊறுவது இவ்வாறே. எனவே மாணவர் சூத்திரத்தை மனனஞ் செய்வதோடு அமையாது, அணுக்கள் நிற்கும் நிலையையும் நோக்குதல் வேண்டும். உணவும் நஞ்சும், உறவும் பகையும் அந்நிலையைப் பற்றியே அமைகின்றன.