முதல் இழுப்பு எந்த வயதில்?

இந்தியப் பெரியவர்களிடம் 2016-17ல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பு, பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9 என்றது. 2009-10ல் எடுத்த முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு வயது கூடுதல். நல்ல செய்திதான். ஆனால் 2019ல் பள்ளிப் பிள்ளைகளிடம், அதாவது 13 முதல் 15 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டபோது வந்த விடையே வேறு. சிகரெட்டைத் தொட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் பதினொன்றரை வயதுக்குள்ளேயே தொட்டிருந்தார்கள். பீடிக்கு அந்த வயது பத்தரை. சிகரெட் பிடித்தவர்களில் நூற்றுக்கு 38 பேர் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கியவர்கள்.

இதில் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். பதினைந்து வயதுப் பையனிடம் கேட்டால் அவன் பதினேழில் தொடங்கப்போவதைச் சொல்ல முடியாது. ஆகவே பள்ளிக் கணக்கில் சீக்கிரம் தொடங்கியவர்கள் மட்டுமே விழுவார்கள். நாற்பது வயதுக்காரரோ, பழக்கம் ஊன்றிய வயதைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார். மாமாவின் பீடித் துண்டை மாடிப்படிக்குப் பின்னால் இழுத்துப் பார்த்து இருமியதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் இழுப்புக்கும் தினசரிப் பழக்கத்துக்கும் நடுவே இப்படிச் சில ஆண்டுகள் இருக்கின்றன. நம் எச்சரிக்கைப் பேச்செல்லாம் கல்லூரி வாசலில் போய் நிற்கிறது. தடுக்க வேண்டிய காலம் அதற்கு முன்பே, ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையில் கழிந்துவிடுகிறது.

அதே பள்ளிக் கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்தும் மாணவர்கள் 8.5 சதவீதம். பத்தாண்டுகளுக்கு முன் இது 14.6 ஆக இருந்தது. பெரிய இறக்கம்தான். ஆனால் ஆண்பிள்ளைகள் 9.6, பெண்பிள்ளைகள் 7.4. பெரியவர்களில் ஆண்கள் 42.4, பெண்கள் 14.2 என்று இருக்கும் தூரம் பிள்ளைகளிடம் இல்லை. ‘நம்ம வீட்டுல பொண்ணுதானே’ என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

## பெட்டிக்கடையில்

மாலை நான்கரை மணி. பள்ளி விட்டு வந்த பையன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கடைமுன் நிற்கிறான்.

“அண்ணே, ஒரு ஃபில்டர்.”

“யாருக்குடா?”

“அப்பாவுக்கு.”

அவ்வளவுதான். கடைக்காரர் கடமைக்குக் கேட்டுவிட்டார், பையன் கடமைக்குச் சொல்லிவிட்டான். நூலில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறது. வாசனையை மறைக்க மிட்டாயும் பாக்கும் அதே கடையில், பக்கத்து டப்பாவிலேயே இருக்கின்றன.

18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சிறார் நீதிச் சட்டப்படி (2015) சிறுவருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் கடுமையானதுதான். பையனைக் கடைக்கு அனுப்பும் அப்பாவுக்கும் அது பொருந்தக்கூடும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய ஓட்டையாகப் படுவது ஒற்றையாக விற்பது. 2016 முதல் பாக்கெட்டின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். உலகத்திலேயே பெரிய எச்சரிக்கைகளில் ஒன்று அது. ஆனால் ஒரே ஒரு சிகரெட் வாங்கும் பையன் பாக்கெட்டைக் கையில் தொடுவதே இல்லை. படமும் இலவச உதவி எண்ணும் கடைக்காரர் கையோடு நின்றுவிடுகின்றன. பாக்கெட் விலை எகிறினாலும் அவனுக்குச் சில ரூபாய்தான் கூடுகிறது, அதையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். கர்நாடகம் 2025ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தத்தில் வயதை 21 ஆக உயர்த்தி, ஒற்றை விற்பனையையும் தடைசெய்தது இதனால்தான் முக்கியம்.

வயதை ஏன் 21 ஆக்க வேண்டும்? பதினைந்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பவர் நாற்பது வயதுக்காரர் அல்ல. அதே தெருவில் கிரிக்கெட் ஆடும் பத்தொன்பது வயது அண்ணன்தான். அந்த அண்ணனுக்கே கடையில் கிடைக்காவிட்டால் தம்பிக்கு வரும் வழி அடைபடுகிறது. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வயது 21. மாலத்தீவு 2025 நவம்பரில் ஒரு படி மேலே போய், 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் விற்கக் கூடாது என்றுவிட்டது.

## தம் அடிக்கும் கதாநாயகன்

சினிமாவைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தமிழில் பேச முடியாது. சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதை ஒரு தலைமுறையே கண்ணாடி முன் பழகிப் பார்த்தது. 2002ல் ‘பாபா’ படம் வந்தபோது அதன் புகைக்கும் காட்சிகளுக்காகப் பா.ம.க. கிளப்பிய எதிர்ப்பை அரசியல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அரசியல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்ட கேள்வி சரியானது. படத்தில் அதிகம் புகைபிடிக்கும் காட்சிகளைப் பார்க்கும் வளரிளம் பிள்ளைகள் தொடங்குவதும் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டெல்லிப் பள்ளிகளில் நடந்த ஆய்விலும் அதுவே தெரிந்தது. 2012 முதல் காட்சியின் கீழே எச்சரிக்கை வரி ஓடுகிறது. மூலையில் ஓடும் அந்தச் சின்ன எழுத்தையும் நடுவில் நிற்கும் கதாநாயகனையும் வைத்துப் பார்த்தால் எது மனத்தில் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கம்பெனிகளுக்கு இது எப்போதோ தெரியும். இன்றைய பதின்வயதுப் பிள்ளைதான் நாளைய நிரந்தர வாடிக்கையாளர் என்ற கருத்தை ஃபிலிப் மோரிஸ் நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு உள்குறிப்பு ஒன்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அமெரிக்காவில் ‘ஜோ கேமல்’ என்ற ஒட்டகக் கார்ட்டூனை வைத்து நடந்த விளம்பரம் 1997ல்தான் நின்றது. 1991ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு வயதுக் குழந்தைகள் அந்த ஒட்டகத்தை மிக்கி மவுஸுக்கு ஈடாக அடையாளம் கண்டார்கள்.

இப்போது கார்ட்டூன் இல்லை, வாசனை இருக்கிறது. சில சிகரெட்டுகளின் ஃபில்டருக்குள் மிளகளவில் ஓர் உருண்டை வைத்திருக்கிறார்கள். விரலால் அழுத்தினால் ‘டிக்’கென்று உடைந்து மென்தால் கசியும். புதிதாகப் புகைப்பவரைத் துரத்துவது அந்த முதல் இருமலும் தொண்டை எரிச்சலும்தான். மென்தாலின் குளிர்ச்சி அந்த எரிச்சலை மரத்துப்போகச் செய்கிறது. உடம்பு போட்டிருந்த ஒரே வேலியும் போய்விட்டது. இ-சிகரெட்டை 2019லேயே இந்தியா முழுவதும் தடைசெய்தாகிவிட்டது. ஆனாலும் பேனா மாதிரி, ஹைலைட்டர் மாதிரி உருவங்களில் அது பள்ளிப் பைக்குள் நுழைகிறது.

## மூளைக்குள் நடப்பது

இழுத்த சில வினாடிகளில், ஏறக்குறைய பத்து முதல் இருபதுக்குள், நிகோட்டின் மூளையை எட்டிவிடும். அங்கே டோபமைனைச் சுரக்கவைத்து, இன்னொரு தடவை கேட்கச் சொல்லும். இது எல்லா வயதிலும் நடக்கும். பதின்வயதில் கூடுதல் ஆபத்து எதனால்? யோசித்து நிதானிக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக வளர ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆகிறது. ஆசையைத் தூண்டும் பகுதியோ அதற்கு முன்பே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகிறது.

‘எப்பவாவது ஒண்ணுதான், இஷ்டப்பட்டா விட்டுடுவேன்’ என்பது எல்லாப் பிள்ளைகளும் சொல்வது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1998ல் தொடங்கி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த டாக்டர் ஜோசப் டிஃபிரான்ஸாவின் குழு, சிலருக்குச் சில வாரங்களிலேயே அடிமைத்தனத்தின் அறிகுறிகள் வந்ததைக் கண்டது. தினமும் புகைக்கும் நிலைக்கு அவர்கள் அப்போது வந்திருக்கவே இல்லை. சும்மா ஒரு தடவை முயன்று பார்ப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கொஞ்ச காலத்துக்காவது தினசரிப் புகைப்பவராக ஆகிறார்கள் என்று 2018ல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. ‘ட்ரை பண்ணிப் பார்த்தேன்’ என்பதை அதற்கப்புறம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

## வயது தள்ளிப்போனால்?

2002க்கும் 2018க்கும் இடையில் அமெரிக்காவில் ஒரு மாற்றம் தெரிந்தது. பதின்வயதில் தொடங்குவது குறைந்தது. புகைபிடிக்கும் இளைஞர்களில், பதினெட்டு வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களின் பங்கு இரு மடங்கானது. இதைப் பார்த்துவிட்டு, ‘தடுத்து என்ன பயன், எப்படியும் பின்னால் தொடங்கத்தானே போகிறார்கள்’ என்று சிலர் கேட்கலாம். தப்பு. பங்குதான் கூடியது, புகைப்பவர்களின் மொத்த எண்ணிக்கை அங்கே சுருங்கிக்கொண்டே வந்தது. பள்ளியில் தடுப்பதோடு வேலை முடியவில்லை, கல்லூரி விடுதியும் முதல் வேலையின் டீக்கடை இடைவேளையும் அடுத்த கண்ணிகள் என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

உலக அளவில் 2021ல் வந்த கணக்கின்படி, புகைபிடிப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர் இருபது வயதுக்குள் வழக்கமாகப் புகைக்கத் தொடங்கிவிட்டவர்கள். 82.6 சதவீதம் பேர் தொடங்கியது 14 முதல் 25 வயதுக்குள். இருபத்தைந்தைத் தாண்டிவிட்டால் புதிதாகத் தொடங்குவது அபூர்வம்.

## ஆண்டுகளின் கணக்கு

நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறார் என்பதைவிட எத்தனை ஆண்டுகளாகப் பிடிக்கிறார் என்பது கனமானது. தினம் இருபது வீதம் இருபது ஆண்டு, தினம் பத்து வீதம் நாற்பது ஆண்டு: மொத்த சிகரெட் ஒன்றுதான், ஆபத்து இரண்டாமவருக்கே அதிகம். பதினாறில் தொடங்குபவர் இருபத்தாறில் தொடங்குபவரைவிடப் பத்தாண்டு முன்னால் ஓடத் தொடங்கிவிடுகிறார். நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது என்பதால் அந்த வளர்ச்சியும் தேங்குகிறது. கியூபாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், பத்து வயதுக்குள் தொடங்கியவர்களின் இறப்பு விகிதம் புகைக்காதவர்களைப்போல் இரண்டரை மடங்கு.

இதே கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வில், விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது.

## பிடிபட்ட பிறகு

சட்டைப் பையில் தீப்பெட்டி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் முதலில் விழுவது அறை. அடுத்தது, ‘ஊரே சிரிக்கும்’. இரண்டாலும் பையன் இன்னும் சாமர்த்தியமாக ஒளிக்கப் பழகுவான், அவ்வளவே. எப்போது, யாரோடு, எந்த நேரத்தில் தோன்றுகிறது என்று கேட்டால் பயன் உண்டு. பரீட்சை இரவா, டியூஷன் முடிந்து நண்பர்களோடு நிற்கும் அரை மணி நேரமா என்பது தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும். அப்பாவே புகைப்பவர் என்றால் அறிவுரைக்கு மதிப்பில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. ‘என்னால விட முடியலடா, அதனாலதான் சொல்றேன்’ என்பதைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அன்றிலிருந்து அவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது.

புகையிலையை விட உதவும் தேசிய எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கு நிகோட்டின் சூயிங்கத்தையோ பட்டையையோ மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தர வேண்டாம், மருத்துவரைக் கேட்டபின்தான். எரிச்சல், தூக்கக் குறைவு, படிப்பில் கவனம் சிதறுவது எல்லாம் நிறுத்திய முதல் மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அதனால் பரீட்சை வாரத்தில் நிறுத்தச் சொல்லி நிற்பதைவிட, அது முடிந்த மறுநாளைக் குறித்துக்கொள்வது பல பிள்ளைகளுக்குத் தோதாக இருக்கும்.