பொம்மை டாங்கிக்குத் தழை மறைப்பு



1942 ஜனவரி 18ஆம் நாள், நம் ஜொகூரில் மூவாரை அடுத்த பக்ரி சாலையில் ஜப்பானியரின் சிறு டாங்கிகள் வந்தன. ஆஸ்திரேலியப் படையினர் அவற்றைப் பீரங்கியால் சுட்டு எரித்தார்கள். இப்படிப்பட்ட போர்களைப் பொம்மைகளால் மேசைமேல் அமைத்து ஆடுவோர் இன்று பல நாடுகளில் உண்டு.

என் மாணவன் ஒருவன் அந்த டாங்கியை அட்டையில் செய்து வந்தான். மறைப்புக்குப் பால்மரத்து இலை ஒன்றை ஒட்டியிருந்தான். டாங்கியையே காணோம்!

அசல் டாங்கியின் நீளம் சுமார் 4.4 மீட்டர். அதை 72இல் ஒரு பங்காக்கினால் 6 சென்டிமீட்டர். அதே கணக்கில், 15 சென்டிமீட்டர் இலை 2 மில்லிமீட்டராகிவிடும். அவ்வளவு சிறிய இலைக்கு எங்கே போவது? தேத்தண்ணி வடிகட்டிய சக்கை போதும். வெயிலில் மொறமொறவென்று காயவேண்டும். ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய புல்வேரைப் பசையில் தோய்த்துச் சக்கையில் புரட்டினால் கிளை தயார். பச்சைச் சாயம் லேசாகத் தொட்டால் போதும். வெட்டிய தழை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் வாடும் என்று உங்களுக்கா நான் சொல்லவேண்டும்?

ஓட்டுநர் பார்க்கும் துவாரம், சுழலும் பீரங்கிக் கூண்டின் அடி, பின்புறத்து இயந்திரத்தின் காற்றுவழி ஆகிய இடங்களில் தழை கூடாது. அதில் இருந்தவர்கள் மூவரே. கூண்டிலிருந்த ஒருவரே பார்த்து, குண்டு போட்டு, சுடவும் வேண்டும். அவர் கண்ணை மறைக்கலாமா?

இன்னொன்று. மேசையில் மரம் வைக்கிறார்கள், டாங்கி வைக்கிறார்கள், லயத்தை மறந்துவிடுகிறார்கள். அந்த நாளில் தோட்டங்களில் நம்மவர் குடியிருந்தார்கள். நான்கு தீப்பெட்டிகளை வரிசையாக ஒட்டி, சாலையோரம் வையுங்கள்.