‘ஸ்கேத்’ செத்துப்போச்சு... காயம் மட்டும் ஆறல!

ஃபர்ஸ்ட் இயர் இங்கிலீஷ் கிளாஸ். ஆளுக்கு ஒரு பாரா எழுந்து வாசிக்கணும். எங்க பெஞ்ச்சோட கடைசிப் பையன், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அவன் முறை வந்தது. விபத்தில் சிக்கிய ஒரு குழந்தை சின்னக் கீறல்கூட இல்லாமல் தப்பித்தது என்று சொல்கிற வாக்கியம். அதில் ‘அன்ஸ்கேத்டு’ என்று ஒரு வார்த்தை. நம்ம ஆள் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, தைரியமாக ‘அன்ஸ்காதெட்’ என்றான்.

அவ்ளோதான்! முன் பெஞ்சில் ஒரு ‘களுக்’. அது அப்படியே பின் பெஞ்ச் வரைக்கும் பரவியது. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்ல விரும்பல. அன்னிக்கு சாயங்காலமே அவனுக்கு ‘காதெட்டு’ன்னு பட்டப்பேர் ரெடி. அந்த செமஸ்டர் முழுக்க அவன் கிளாஸில் வாயே திறக்கவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து அந்த வார்த்தையின் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. பையன் படிச்சது தப்பே இல்லைங்க. ஒரு 600 வருஷம் லேட், அவ்வளவுதான்!

மேட்டர் என்னன்னு கேளுங்க...

அப்பாவைக் காணோம்!

‘ஹேப்பி’ இருந்தால்தான் ‘அன்ஹேப்பி’. ‘ஃபேர்’ இருந்தால்தான் ‘அன்ஃபேர்’. அப்போ ‘அன்ஸ்கேத்டு’ இருந்தால், ‘ஸ்கேத்’ என்று ஒன்று இருந்தே ஆகணும் இல்லையா? இருந்தது. ‘ஸ்கேத்’ என்றால் தீங்கு, சேதம், காயம். தீங்கு செய்வது என்று வினைச்சொல்லாகவும் ஓடியது. ஒரு காலத்தில் இங்கிலீஷில் சாதாரணமாகப் புழங்கிய வார்த்தை.

இன்னிக்கு யாரிடமாவது போய், “பைக்கில் விழுந்துட்டேன், நிறைய ஸ்கேத்” என்று சொல்லிப் பாருங்க. லண்டன்காரரே திருதிருன்னு முழிப்பார். டிக்‌ஷனரியில் தேடினால், பக்கத்திலேயே ‘பழைய வழக்கு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை ‘அன்ஸ்கேத்டு’ மட்டும் ஜம்முன்னு ஊர் சுத்துகிறது. அடிபட்டதுக்கு இருந்த பேர் போச்சு, அடிபடாமல் தப்பிச்சதுக்கு இருந்த பேர் பிழைச்சுக்கிச்சு. வேடிக்கையா இல்ல?

முதல்ல அது ஒரு வில்லன்!

கதையை ஆயிரம் வருஷம் ரிவைண்ட் பண்ணுவோம். பழைய இங்கிலீஷில் இதன் உறவுக்கார வார்த்தை ‘ஷதா’ என்கிற மாதிரி ஒலித்தது. அதற்கு முக்கியமான அர்த்தம் தீங்கு இல்லை, தீங்கு செய்கிற ஆள்! திருடன், எதிரி, நாசக்காரன் எல்லோரும் ‘ஷதா’தான்.

இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கிறவங்களுக்கு ‘பேயோவுல்ஃப்’ தெரிஞ்சிருக்கும். 3,182 வரி நீளமுள்ள பழைய ஆங்கிலக் காவியம். ராத்திரி ராத்திரி அரண்மனைக்குள் புகுந்து வீரர்களைத் தூக்கிக்கொண்டு போகிற கிரெண்டல் என்கிற அரக்கனுக்கும், கடைசியில் வருகிற டிராகனுக்கும் கொடுக்கும் அடைமொழிகளில் இந்த ‘ஷதா’ ஒட்டிக்கொண்டு வருகிறது. நம்ம சினிமாவில் வில்லனுக்கு ஒரு பி.ஜி.எம். போடுவாங்களே, அந்த மாதிரி.

இதில் ஒரு சோகம் என்னன்னா, அந்தக் காவியத்துக்கு உலகத்திலேயே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உண்டு. சுமார் கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்டது. 1731-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அதை வைத்திருந்த ஆஷ்பர்ன்ஹாம் மாளிகை தீப்பிடித்தது. ஏகப்பட்ட சுவடிகள் நாசம். பேயோவுல்ஃப் பிரதி ஓரமெல்லாம் கருகிப் பிழைத்தது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதை ‘அன்ஸ்கேத்டு’ என்று சொல்லவே முடியாது!

அடிச்சவன் கொடுத்த வார்த்தை

இப்போ ஒரு டவுட் வரணும். பழைய இங்கிலீஷில் ‘ஷ’ என்று ஆரம்பித்தால், இப்போ எப்படி ‘ஸ்க’ ஆச்சு?

அங்கேதான் வைக்கிங்குகள் என்ட்ரி. 793-ல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடினார்கள். அதற்கப்புறம் கொள்ளை, படையெடுப்பு, கடைசியில் குடியேற்றம். வந்தவங்க அங்கேயே வயல் வாங்கி, கல்யாணம் பண்ணி, பக்கத்து வீட்டுக்காரங்க ஆயிட்டாங்க. அவங்க பாஷையும் கலந்தது. ‘எக்’, ‘நைஃப்’, ‘விண்டோ’ இதெல்லாம் அவங்க சீதனம்தான். ‘ஸ்கின்’, ‘ஸ்கை’ மாதிரி ‘ஸ்க’வில் தொடங்கும் பல வார்த்தைகளும் அப்படியே. உள்ளூர் ‘ஷர்ட்’டும் வைக்கிங் ‘ஸ்கர்ட்’டும் ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கச்சிகள் என்றால் நம்புவீங்களா?

‘ஸ்கேத்’தும் அந்தக் கப்பலில் வந்த சரக்கு. அவர்கள் மொழியில் ‘ஸ்கதா’ என்றால் தீங்கு செய்வது. ஆக, தீங்கு என்பதற்கான வார்த்தையை, தீங்கு செய்ய வந்தவனே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அடிச்சவனே அடிக்குப் பேரும் வச்ச கதை!

பாத் நகரத்து அக்காவின் காது

14-ஆம் நூற்றாண்டின் கடைசி. ஜெஃப்ரி சாசர் ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதுகிறார். அதில் பாத் நகரத்துப் பெண்மணி ஒருத்தர் வருவார். அஞ்சு கல்யாணம் பண்ணியவர், துணி நெய்வதில் கில்லாடி, வாயைத் திறந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். அவரை அறிமுகப்படுத்தும்போது, கொஞ்சம் காது கேட்காது என்று சொல்லிவிட்டு, அது ஒரு ‘ஸ்கேத்’ என்கிறார் சாசர். ‘அடப்பாவமே’ என்கிற தொனி.

காது ஏன் போச்சு? பின்னால் அந்தப் பெண்மணியே சொல்கிறார். அவருடைய அஞ்சாவது புருஷன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆசாமி. பெண்கள் எல்லாம் எவ்வளவு மோசம் என்று அடுக்குகிற புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ராத்திரி ஆனால் சத்தமாக வாசித்துக் காட்டுவானாம். எத்தனை நாள் பொறுக்கிறது? ஒரு நாள் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துவிட்டார் இவர். அவன் தலையில் ஓங்கி அடித்தான். காது போச்சு. ஊருக்குத் தெரிந்த ‘ஸ்கேத்’ அந்த அடி. அதற்கு முன்னாடி தினம் தினம் விழுந்த வார்த்தைக்குக் கணக்கே இல்லை.

ஒரு முக்கியமான விஷயம். சாசர் இந்த வார்த்தையை எப்படி உச்சரித்திருப்பார் தெரியுமா? கிட்டத்தட்ட ‘ஸ்காத’ என்று! அப்போதெல்லாம் ‘நேம்’ என்பதே ‘நாம’ மாதிரிதான் ஒலித்தது. சுமார் 1400-க்கும் 1700-க்கும் நடுவில் இங்கிலீஷின் நெடில் உயிரொலிகள் எல்லாம் மொத்தமாக இடம் மாறின. ‘ஆ’வாக இருந்தது படிப்படியாக ‘ஏ’ ஆனது. கடைசியில் வருகிற ‘எட்’டையும் அந்தக் காலத்தில் முழுங்காமல் தனியாகச் சொல்வார்கள். ‘அன்ஸ்கேத்டு’ பிறந்ததும் அதே 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

கூட்டிப் பாருங்க... ‘ஸ்காதெட்’! எங்க பெஞ்ச் பையன் அச்சு அசலா சாசர் காலத்து இங்கிலீஷ் பேசியிருக்கான். நாங்கதான் சிரிச்சிருக்கோம்.

வாளிலிருந்து நாக்குக்கு

1590-களில் ஷேக்ஸ்பியர் கையிலும் இந்த வார்த்தை இருந்தது. ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் பார்ட்டிக்கு நடுவே சண்டை இழுக்கப் பார்க்கிற டிபால்ட்டை, ஜூலியட்டின் அப்பா அதட்டி உட்கார வைக்கிற சீன். இந்தத் திமிர் உனக்கே ஆபத்தாக முடியும் என்று மிரட்டும்போது அவர் வாயில் ‘ஸ்கேத்’ வருகிறது.

1667-ல் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ வந்தது. சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட தேவதூதர்களை, இடி நெருப்பு தாக்கிக் கருகி நிற்கும் காட்டு மரங்களோடு ஒப்பிட்டார் மில்டன். அந்தக் கருகலுக்கு அவர் பிடித்த வார்த்தை ‘ஸ்கேத்’. அதற்கப்புறம் இந்த வார்த்தை மேல் நெருப்பு வாடை ஒட்டிக்கொண்டது. தீங்கு என்பது போய், சுடுவது, பொசுக்குவது என்றாகிவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் அடுத்த ஜம்ப். சுடுகிற நெருப்பு, சுடுகிற பேச்சாக மாறியது. அதுதான் நீங்க பேப்பரில் பார்க்கிற ‘ஸ்கேதிங்’. படம் ஊத்திக்கிச்சுன்னா ‘ஸ்கேதிங் ரிவ்யூ’. தமிழில் இதற்குப் பொருத்தமான வார்த்தை ஏற்கெனவே இருக்கு: சுடுசொல். நம்ம வள்ளுவர் நெருப்பையும் நாக்கையும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இப்போ உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ரூட் மேப் பார்த்தீங்களா? முதலில் அரக்கன், அப்புறம் அடி, அப்புறம் நெருப்பு, கடைசியில் பேச்சு.

ஏன் காணாமப் போச்சு?

போட்டிதான் பாஸ்! 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் கோர்ட்டிலும் அரண்மனையிலும் பிரெஞ்சு கொடிகட்டிப் பறந்தது. ‘டேமேஜ்’, ‘இன்ஜுரி’ என்று அந்த வழியாக வரிசையாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ‘ஹார்ம்’ என்கிற உள்ளூர்க்காரரும் சீட்டை விடவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் ‘ஸ்கேத்’ ஓரங்கட்டப்பட்டது. ஸ்காட்லாந்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் அதிக காலம் தாக்குப்பிடித்தது.

ஆனால் சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியம். ஜெர்மனியில் ‘ஷாடென்’, ஸ்வீடனில் ‘ஸ்காதா’ இன்னிக்கும் தினசரிப் பேச்சில் இருக்கு. அடுத்தவன் வழுக்கி விழுந்தால் நமக்குள் ஒரு குஷி வருமே, அதற்கு ஜெர்மன்காரர்கள் ‘ஷாடென்ஃப்ராய்ட’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். ‘ஷாடென்’ என்றால் தீங்கு, ‘ஃப்ராய்ட’ என்றால் சந்தோஷம். இங்கிலீஷ்காரர்கள் அதை அப்படியே கடன் வாங்கிவிட்டார்கள். சொந்த வார்த்தையை வெளியே அனுப்பிவிட்டு, அதன் கசின் பிரதரை வாடகைக்குக் கூட்டி வந்த மாதிரி!

ஜோடி தொலைத்த மற்ற ஆட்களும் உண்டு. ‘ரூத்லெஸ்’ தெரியும். இரக்கம் என்று பொருள்படும் ‘ரூத்’ எங்கே? ‘அன்கெம்ப்ட்’ என்றால் தலை கலைந்து கிடப்பது. ‘கெம்ப்ட்’ என்றால் சீவி வாரியது. இரக்கத்தையும் சீப்பையும் தொலைச்சுட்டு இரக்கமின்மையையும் பரட்டைத் தலையையும் மட்டும் பத்திரமா வச்சிருக்காங்க!

அந்தக் களுக்...

இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் அவனுக்கு போன் போட்டேன்.

“டேய், அன்னிக்கு நீ படிச்சது சாசர் இங்கிலீஷ்டா!”

அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்போ சிரிச்சவங்க எல்லாம் தப்பா?”

“ஆமாடா. நானும் சேர்த்து.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: “நாலு வருஷமும் எந்த கிளாஸ்லயும் நான் டவுட் கேட்டதே இல்லடா. பிளேஸ்மென்ட் ஜி.டி.யில மூணு தடவை உள்ள போனேன். பாயின்ட் எல்லாம் தெரியும். வாயைத் திறந்தா அந்த ‘களுக்’ கேக்குற மாதிரியே இருக்கும். மூணு தடவையும் சும்மா உக்காந்துட்டு வந்தேன்.”

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. “சாரிடா”ன்னு மட்டும் சொன்னேன். “விடு மச்சி”ன்னான்.

அவன் மேல ஒரு கீறல்கூட இல்லைதான். ஆனா ‘அன்ஸ்கேத்டு’ன்னு எழுத எனக்குக் கை வரமாட்டேங்குது.

அடுத்த தடவை உங்க கிளாஸில் யாராவது எழுந்து ஒரு வார்த்தையைத் தடுக்கித் தடுக்கிப் படிப்பாங்க. சிரிப்பு தொண்டை வரைக்கும் வரும். ஒரே ஒரு நிமிஷம் அடக்கிக்கோங்க. கிளாஸ் முடிஞ்சதும் பக்கத்தில் போய், “இப்போ இதை இப்படிச் சொல்றாங்கடா”ன்னு சொல்லிக் கொடுங்க. கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் விசேஷம்!