பாக்கிக் கணக்கு

அரசாங்கப் பணிக்கான தகுதித் தேர்வை நான் முதன்முறை எழுதியபோது, சிக்கல் தீர்க்கும் பகுதியில் தோற்றேன். வாய்பாடு தெரியாமல் அல்ல, எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் ஏ எடுத்தவள் நான். அதே தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு என் தோல்வி உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வந்த வினா இத்தகையது (எண்களை மாற்றியிருக்கிறேன்): ஒருவர் தம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கும், பாக்கியில் நான்கில் ஒரு பங்கைக் கடனுக்கும் கொடுத்தார். கையில் 900 ரிங்கிட் எஞ்சியது. சம்பளம் எவ்வளவு?

நான் அவசரத்தில் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழித்தேன். பன்னிரண்டில் ஐந்து பங்கு 900 என்றால் சம்பளம் 2,160 ரிங்கிட். அந்த விடையும் நான்கு தெரிவுகளுள் ஒன்றாக அங்கே இருந்தது! தேர்வாளருக்கு நம் அவசரம் நன்றாகவே தெரியும்.

புந்தோங் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் தமிழில் கேட்டேன். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த ரப்பர்க் காடு இன்று செம்பனையாகிவிட்டது. அவர் பின்னாலிருந்து தொடங்கினார். 900 என்பது பாக்கியில் மூன்று பங்கு. ஒரு பங்கு 300. அப்படியானால் பாக்கி 1,200. அது சம்பளத்தில் இரண்டு பங்கு. ஒரு பங்கு 600. சம்பளம் 1,800 ரிங்கிட்.

"எப்படிப் பாட்டி?" என்றேன்.

"பாக்கின்னா என்னன்னு தெரியாம தோட்டத்துக் கடையில பத்து எழுத முடியுமா கண்ணு?"

மலாய் வினாவிலும் இருந்தது அதே 'பாக்கி' என்ற சொல்தான். எங்கள் வகுப்பு முதலாம் ஆண்டில் நுழைந்த 2003இல்தான் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. வீட்டில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம், தேர்வில் மலாய். மூன்று மொழியிலும் எனக்குக் கூட்டத் தெரியும்; ஒரு மொழியிலும் வினாவை நிதானமாக வாசிக்கத் தெரியவில்லை. ஆகவே முதல் பயிற்சி இதுதான்: எந்தப் பின்னத்தைக் கண்டாலும் "எதில்?" என்று கேளுங்கள். மொத்தத்திலா, பாக்கியிலா?

அடுத்து, கலவைக் கணக்கு. நம்மவர் பலர் இதைக் கண்டாலே தாண்டிவிடுகிறார்கள். தோட்டத்தில் பால் நிறுத்ததும் கிராணி அந்த எடைக்கு அப்படியே கூலி போட்டுவிடுவதில்லை. பாலில் பெரும்பகுதி நீர்தான். மெட்ரோலாக் என்னும் மிதவையை அதில் இறக்கி, உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். ரப்பர் நீரைவிட இலேசானது. பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும்.

இப்போது வினா: 18 கிலோ பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அதில் 2 கிலோ மழைநீர் கலந்துவிட்டது. இனி ரப்பர் எத்தனை விழுக்காடு? எடை 20 கிலோ ஆனது, விழுக்காடும் மாறியது. ரப்பர் மட்டும் 6 கிலோவாகவே இருக்கிறது. இருபதில் ஆறு, 30 விழுக்காடு. வாளியில் தண்ணீர் ஊற்றிக் கூலியைக் கூட்ட முடியாது என்பது பாட்டிக்குத் தெரிந்த செய்தி. உப்புக் கரைசல், பாலும் நீரும் என்று எப்படிக் கேட்டாலும் மாறாத பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும். வயதுக் கணக்கில் மாறாதது வித்தியாசம். அம்மாவுக்கு 36, மகளுக்கு 12 என்றால் வித்தியாசம் 24. மகளுக்கு 24 ஆகும்போது அம்மா இருமடங்கு. அதற்கு 12 ஆண்டு. சமன்பாடே வேண்டாம்.

வேலைக் கணக்கில் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. ஒரு வேலையைப் பாட்டி 4 மணி நேரத்திலும் அம்மா 6 மணி நேரத்திலும் முடிப்பார்கள்; இருவரும் சேர்ந்தால்? சராசரி எடுத்து 5 என்பார் உண்டு. துணைக்கு ஆள் வந்தபின் பாட்டிக்கு நேரம் கூடுமா, என்ன? வேலை எவ்வளவு என்று வினா சொல்லவில்லை. ஆகவே நாமே வைத்துக்கொள்ளலாம். 480 மரம் என்று வைத்தேன். பாட்டி மணிக்கு 120, அம்மா 80, இருவரும் 200. 480ஐ 200ஆல் வகுத்தால் 2.4, அதாவது 2 மணி 24 நிமிடம். 2 மணி 40 நிமிடம் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடாதீர்கள், நான் விட்டிருக்கிறேன்.

இரண்டாம் முறை அந்தப் பகுதியில் தேறினேன். 480க்குப் பதிலாக, நாலுக்கும் ஆறுக்கும் பொதுவான 12ஐ வைத்தாலும் அதே விடை வரும். தேர்வில் நேரம் மிச்சம். 480 என்பது பாட்டியின் நிரையில் இருந்த மரங்கள்.