நெஞ்சு படபடக்குதா? முதலில் நாடியைத் தொட்டுப் பாருங்கள்



குழுக் கூட்டத்திற்குப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "அக்கா, சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." பக்கத்தில் இருப்பவர் உடனே வைத்தியம் சொல்லிவிடுவார். "அது வாயு, சுக்குத் தண்ணி குடி." இன்னொருவர் "கடன் கவலைதான்" என்பார். நாற்பதைத் தாண்டியவர் என்றால் "தூரம் நிக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்." வயசுப் பெண் என்றால் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று திருநீறு போடக் கூட்டிப் போவார்கள். இதில் சிலது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் இத்தனை பேர் சொல்வதில் ஒருவராவது அவர் கையைப் பிடித்து நாடியை எண்ணிப் பார்த்தாரா என்றால், இல்லை.

இதயம் நம் மூடிய கை அளவுதான். அதன் வலது பக்க மேலறையில் ஒரு சின்ன இடத்திலிருந்து மின்சாரம் போல ஒரு தூண்டல் கிளம்புகிறது. அது பரவப் பரவ இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது. கும்மியில் ஒருத்தி முதலில் தட்ட, மற்றவர்கள் ஒத்துத் தட்டுகிறோமே, அது மாதிரி. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை இப்படி நடக்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை. தெரிய ஆரம்பித்தால் அதைத்தான் படபடப்பு என்கிறோம்.

நாடி பார்ப்பது கஷ்டமில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மற்றொரு கையின் நடு மூன்று விரல்களை லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே துடிப்பு உண்டு. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கலாம்தான், ஆனால் தாளம் தப்பினால் தெரியாமல் போகும். ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருக்கலாம். களை எடுத்துவிட்டோ, தண்ணீர்க் குடம் தூக்கிவிட்டோ வந்தவுடன் 120, 130 இருந்தால் பயம் வேண்டாம், உட்கார்ந்தால் இறங்கிவிடும். உட்கார்ந்தபடியே 100க்கு மேல் அடித்துக்கொண்டிருந்தால் காரணம் தேட வேண்டும்.

வேகமாக இருந்தாலும் தாளம் தப்பாமல் அடித்தால், பெரும்பாலும் கோளாறு இதயத்தில் இருக்காது. காய்ச்சல், பேதியால் நீர் வற்றுவது, பயம், தைராய்டு சுரப்பு அதிகமாவது, வீசிங்குக்கு எடுக்கும் மருந்து, வெறும் வயிற்றில் நாலு தரம் டீ என்று காரணங்கள் பல. நம்மிடையே அதிகம் இருப்பது ரத்தச்சோகை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்தது. ரத்தம் குறைந்தால் இருப்பதை வைத்து ஓட்ட இதயம் வேகமாக அடிக்கத்தான் செய்யும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், கர்ப்பிணி என்றால் 11க்குக் கீழ் இருந்தால் ரத்தச்சோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதை டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது.

இன்னொரு வகை சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று தொடங்கும், 180, 200 என்று எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும், அதே மாதிரி திடீரென்று நின்றுவிடும். இதயத்துக்குள் மின்தூண்டல் போக கூடுதலாக ஒரு பாதை இருப்பதால் வருவது இது. இளம்பெண்களுக்கும் வரும். 'பயந்த கோளாறு' என்று ஒதுக்கப்படுவதில் இது நிறைய. இதற்கு ஊசி, மாத்திரை உண்டு. தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சையும் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் பகுதியில் ஓர் உறுப்பினர், பெயர் வேண்டாம். வயது 38. சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு முழங்கால், கணுக்கால் வீங்கிக் கிடந்திருக்கிறார். முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கியது. இரண்டு வருடமாகப் படபடப்பு. கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். நாங்களும் சேர்ந்துதான் வாயு என்று சொன்னோம். ஒரு நாள் காலையில் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறியது.

ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அந்தப் பழைய மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. அதனால் மேலறை பெரிதாகி, தாளம் அடியோடு கெட்டிருந்தது. கும்மியில் ஆளாளுக்கு அவரவர் இஷ்டத்துக்குத் தட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இவர் நாடியை யார் தொட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். இரண்டு அடி சேர்ந்து வரும், ஒன்று விட்டுப்போகும், ஒன்று பலமாக, ஒன்று லேசாக. எந்தக் கணக்கிலும் அடங்காது. வால்வு நன்றாக இருப்பவருக்கும் வயதாலும் ரத்தக்கொதிப்பாலும் இது வரலாம்.

நல்ல வேளையாக, வீட்டார் உடனே 108க்குப் போன் செய்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவருக்குப் போட முடிந்தது. இப்போது கை ஓரளவு வருகிறது, குழுவில் கையெழுத்தும் போடுகிறார். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அதன் அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. கீரையை ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் இல்லாமல் என்று மாற்றக் கூடாது. நாள் தள்ளிப்போனால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம், ஆனால் தானாக நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து.

படபடப்போடு நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தாலோ, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குப் படபடப்பு வந்தாலோ 108தான். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், வழியில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? மற்றவர்கள் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். படபடப்பு இருக்கும்போதே எடுத்தால்தான் பலன். நின்றபிறகு எடுத்து "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் பாஸ்புக்கோடு வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நாடி எத்தனை என்று எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மாறி மாறி வீங்கினால் தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். மூட்டுக் காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டால், மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடம். வலி போயிடுச்சே என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள், பெண் குழந்தை என்றால் இன்னும் சீக்கிரம். அடுத்த ஊசித் தேதியைக் குழுக் கூட்டத் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தவணையை நினைவுபடுத்துகிற மாதிரி ஊக்குநர் அதையும் நினைவுபடுத்தட்டும்.