வாசற்படியில் தொடங்கும் தலைமைத்துவம்

ஒவ்வோர் ஆண்டும் மாணவத் தலைவியருக்குச் சின்னம் சூட்டும் வைபவம் நடக்கிறது. வாப்பாமார் புகைப்படம் எடுக்கிறார்கள். உம்மாமாரின் கண்கள் கலங்குகின்றன. மறுநாள் முதல் அந்தச் சின்னம் வரிசையை ஒழுங்குபடுத்தவும் பிந்தி வருவோரின் பெயரை எழுதவும் பயன்படுகிறது. அதுவும் தேவைதான். ஆனால் தலைமைத்துவம் என்பது இவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டு ஒரு பிள்ளை பாடசாலையை விட்டுச் சென்றால், நாம் எதையோ சொல்லிக் கொடுக்கத் தவறிவிட்டோம்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. உம்றாவுக்காகப் புறப்பட்டு வந்த ஸஹாபாக்கள் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கையின் நிபந்தனைகள் அவர்களுக்குப் பெரும் மனவேதனையைத் தந்தன. பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியும் எவரும் எழவில்லை. கூடாரத்துள் சென்ற நபியவர்களுக்கு உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஓர் ஆலோசனை சொன்னார்கள்: யாரிடமும் எதுவும் பேசாமல் வெளியே சென்று, முதலில் தாங்கள் அறுத்து மழித்துக்கொள்ளுங்கள். அவ்வாறே நடந்தது, கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். மனிதரின் மனநிலையைச் சரியாக வாசித்த ஒரு பெண்ணின் சொல் அன்று ஒரு நெருக்கடியைத் தீர்த்தது.

நமது நாட்டிலிருந்து ஒருவரைச் சொல்வதென்றால், ஆயிஷா ரவூப் அவர்களைச் சொல்ல வேண்டும். கேரளத்தின் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பட்டம் பெற்று, திருமணமாகி இலங்கைக்கு வந்தவர். 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் அதிபரானார். அதன் உருவாக்கத்தில் சேர் ராசிக் பரீத் முன்னின்றார். கட்டடத்தைப் பணம் எழுப்பிவிடும். வயதுக்கு வந்த பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துக்கொள்வதே வழக்கமாக இருந்த காலத்தில், பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதிக்காமல் ஒரு வகுப்பைக்கூட நிரப்பியிருக்க முடியாது. வேற்று நாட்டிலிருந்து வந்த மருமகள் அதைச் சாதித்தார். 1949இல் கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். 1952இல் பிரதி மேயரானார். பெற்றோரோடு பழகிய பழக்கம் வாக்காளரோடு பேசவும் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

இதற்குப் பிறகு நாடு வேகமாக முன்னேறியிருக்கும் என்று நினைப்பீர்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு 25 வீத ஒதுக்கீடு வரும்வரை, உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதம்கூட இருக்கவில்லை. 2018 தேர்தலில்தான் அந்த ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆசனத்தைச் சட்டம் தரலாம். ஊரில் நாலு பேரைத் தெரிந்த பெண்ணைச் சட்டத்தால் உருவாக்க முடியாது.

அந்த நாலு பேரை எப்படித் தெரிந்துகொள்வது? ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உக்குவளைப் பக்கத்துச் சிறு கிராமம் ஒன்று. மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்ப பஸ் இல்லை என்பதால் மூன்று பிள்ளைகள் உயர்தரத்தை இடையில் விடப் போகிறார்கள். அனுதாபப்படுவோர் பலர். ஒரு மாணவி மட்டும் கொப்பியில் கணக்கெடுக்கிறாள்: எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு. அடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் முடிவெடுப்பவர் யாரென்று விசாரிக்கிறாள். ஒரு வீட்டில் வாப்பா, இன்னொன்றில் மாமி, மற்றதில் வெளிநாட்டில் இருக்கும் காக்கா. மாமியோடு தன் உம்மாவைப் பேச வைக்கிறாள். பிள்ளைகளை அழைத்துவர ஆள் ஒழுங்கு செய்ய முடியுமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்க வாப்பாவை அனுப்புகிறாள். கணக்கையும் அதிபரின் கடிதத்தையும் இணைத்து, 'சிசு செரிய' பாடசாலை பஸ் சேவையின் நேரத்தை மாற்றித் தருமாறு டிப்போவுக்கு விண்ணப்பிக்கிறாள். சிங்களத்தில் எழுத அயல்வீட்டுச் சிங்களத் தோழி உதவுகிறாள். அதே பஸ் அவளது தங்கைக்கும் தேவை என்பது அப்போதுதான் தெரியவருகிறது. விண்ணப்பத்தில் இன்னும் சில பெயர்கள் சேர்கின்றன.

மாத்தளையில் மூன்று சமூகங்களும் ஒரே சந்தையில் மிளகும் கறுவாவும் வாங்கி விற்கின்றன. பிள்ளைகளின் தொடர்புகள் மட்டும் ஏன் தத்தமது பாடசாலைச் சுவருக்குள் நிற்க வேண்டும்? இரண்டாம் மொழியைப் பரீட்சைப் பாடமாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டிப்போவிலோ பிரதேச செயலகத்திலோ நேரடியாகப் பேசத் தெரிந்தவள் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இருநூறு பேர் உள்ள வட்ஸ்அப் குழுவைத் தொடர்பு வலை என்று நினைத்து ஏமாற வேண்டாம். அவசரத்துக்கு அழைத்தால் வரக்கூடியவர் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், பழைய மாணவியர் சங்கத்தில் ஒருவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் ஆகியோரை உதவி கேட்கும் நாளுக்கு முன்பே ஸலாமோ வணக்கமோ சொல்லி அறிமுகமாகிக்கொள்வது நல்லது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் இப்படி ஒரு வேலைக்காக அலுவலகம் செல்லும்போது கூடவே செல்லுங்கள். பேசுவதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள். முதல் தடவை தடுமாறுவாள்.

பஸ் உடனே கிடைக்காமல் போகலாம். நேரம் மாறுவதற்குள் அந்த மாணவி பரீட்சை எழுதிவிட்டு வெளியேறியும் விடலாம். அதனால் யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள் என்பதைத் திகதியிட்டு அந்தக் கொப்பியில் எழுதிவைத்து, பிரியாவிடைக்கு முன் அடுத்த வகுப்புத் தங்கை ஒருத்தியின் கையில் கொடுத்துவிட வேண்டும்.