கடற்செலவும் கைபேசிச் செலவும்

'செலவு' என்னும் சொல் தமிழில் இரு பொருள் உடையது. வழி செல்லுதலும் செலவே. பொருள் செல்லுதலும் செலவே. உல்லாசக் கப்பலேறி உலகங் காணப் புறப்படுவோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே நேர்தல் இயல்பு. ஆயினும், கப்பற் சீட்டின் விலையை முன்னரே அறிந்து கொடுத்தவர்களும், கைபேசிக்குக் கொடுக்க வேண்டிய தொகையை ஊர் திரும்பிய பின்னரே அறிந்து திடுக்கிடுதல் உண்டு. நம் கல்லூரியின் பழைய மாணவர்களும், அவர்தம் பெற்றோரும் இத்தகைய பயணம் மேற்கொள்ளக் கூடுமாதலின், குறைந்த செலவிற் கடலிலும் துறைமுகத்திலும் இணையத்தைப் பயன்படுத்தும் வழியை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். பார்சலோனாவிற் புறப்பட்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பயணத்தை உதாரணமாகக் கொள்வோம்.

முதற்கண் கைபேசியின் இயல்பை அறிதல் வேண்டும். அது நெடுந்தொலைவிலுள்ளாரோடு நேரே பேசுவதன்று. அண்மையிலுள்ள ஒரு கோபுரத்தோடு மட்டுமே பேசும். அக்கோபுரமே செய்தியை அப்பாற் கொண்டு செல்கின்றது. ஜி.எஸ்.எம். என்னும் முறையில் ஒரு கோபுரத்தின் ஆட்சி சாதாரணமாக 35 கிலோமீட்டர் அளவில் முடிவதாக வகுக்கப்பட்டது. பின்வந்த முறைகளிலும், பூமியின் வளைவு முதலிய காரணங்களால், கரைக்கோபுரத்தின் அலைகள் நடுக்கடலை எட்டுவதில்லை. ஆகவே, கரை மறைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கைபேசி துணையற்றதாகின்றது.

அவ்வேளையிற் கப்பல் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று, கப்பலுக்குள்ளேயே அமைந்த சிறு கைபேசி நிலையம். மற்றொன்று, கப்பற் கம்பெனியார் விற்கும் வை-ஃபை இணைப்பு. இரண்டும் செயற்கைக்கோள் வாயிலாகவே உலகை அடைவன. எனினும், பின்னதை நாம் விலையறிந்து வாங்கினாலன்றிப் பெற இயலாது. முன்னதோ, ரோமிங் தரவு திறந்திருக்குமாயின், நாம் கேளாமலே நம் கைபேசியைப் பற்றிக்கொள்ளும். ஆபத்து இங்கேதான் உளது. கைபேசி சட்டைப்பையில் உறங்குகின்றதென நாம் எண்ணியிருக்க, அஃது அன்று எடுத்த படங்களைத் தானே மேலேற்றிக்கொண்டிருக்கும். ஒரு படம் 3 மெகாபைட் என்றும், ஒரு மெகாபைட்டுக்கு 5 யூரோ கட்டணம் என்றும் கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். 100 படங்கள் 300 மெகாபைட். கட்டணமோ 1,500 யூரோ!

இத்துணை விலை ஏனெனில், கூறுதும். பழைய முறைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. ஒரு வினா அங்கே சென்று தரைக்கு இறங்கி, விடை அவ்வாறே மீண்டு வருவதற்கு ஏறத்தாழ அரை வினாடி ஆகும். அக்குறுகிய வழியை ஆயிரக்கணக்கான பயணிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டில் ராயல் கரீபியன் குழுமத்தார், ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் ஸ்டார்லிங்க் கோள்களைத் தங்கள் கப்பல்களிற் பயன்படுத்தத் தீர்மானித்தனர். இதனால் கப்பல் வை-ஃபையின் விரைவு பெரிதும் மிகுந்தது. ஆயினும், கைபேசி நிலையத்தின் ரோமிங் ஆபத்து இதனால் நீங்கிற்றில்லை.

'ஐரோப்பாவில் ரோமிங் கட்டணம் ஒழிந்துவிட்டதன்றோ?' எனச் சிலர் வினவலாம். ஐரோப்பியக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் அக்கட்டணத்தை ஒழித்தது உண்மையே. ஆனால் அச்சலுகை கூட்டமைப்பைச் சார்ந்த நிறுவனங்களின் சிம் உடையோர்க்கே உரியது. அதுவும் கரையிலுள்ள கோபுரங்களுக்கே பொருந்தும். கப்பலின் நிலையம் அதற்குப் புறம்பானது. 2022ஆம் ஆண்டின் விதி, இத்தகைய கடற்கட்டணம் 50 யூரோவை எட்டியதும் இணைப்பை நிறுத்துமாறு அந்நிறுவனங்களைப் பணிக்கின்றது. இந்தியச் சிம் கொண்டு செல்வோர் இவ்விதியைத் தமக்குக் காவலாக நம்புதற்கில்லை.

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்குமுன்னரே கைபேசியை 'விமான நிலை'யில் இடுக. அந்நிலையிலும் வை-ஃபையை மட்டும் தனியே திறந்துகொள்ளலாம். பல கப்பல்களில், உணவு வேளை, நிகழ்ச்சி முறை முதலியவற்றைக் காட்டும் கப்பலின் சொந்தச் செயலி, இணையக் கட்டணமின்றியே இயங்கும்.

இரண்டாவது, இணைய வேலைகளைத் துறைமுகங்களுக்கென ஒதுக்குக. பார்சலோனாவில் வாங்கிய ஒரு முன்கட்டணச் சிம், மார்சேல், ஜெனோவா, நேப்பிள்ஸ், மால்டாவின் வலெட்டா ஆகிய இடங்களிலெல்லாம் பயன்படும். வாங்குமுன், பிற நாடுகளில் எத்தனை ஜி.பி. செல்லுமென்று கேட்டறிதல் நன்று. இ-சிம் ஏற்கும் கைபேசியுடையோர் அதனை வீட்டிலிருந்தே அமைத்துக்கொண்டு புறப்படலாம். அதனோடு இந்தியச் சிம்மையும் வைத்திருப்பின், அதன் தரவு ரோமிங்கை மூடிவிடுக. விமான நிலையில் வங்கியின் குறுஞ்செய்தி எண் வந்து சேராதாகையால், பணப் பரிமாற்றங்களையும் கரையிலேயே முடித்துக்கொள்க.

மூன்றாவது, எல்லைப்புறத்தில் விழிப்பாயிருக்க. கப்பல் கிழக்கே கிரேக்கத் தீவுகளுக்குச் செல்லுமாயின், இது மிகவும் வேண்டற்பாலது. சாமோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் இடைப்பட்ட நீரிணை ஓரிடத்தில் 2 கிலோமீட்டரினுங் குறுகியது. கிரேக்க மண்ணில் நிற்பவரது கைபேசி துருக்கிக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளலாம்; துருக்கியோ கூட்டமைப்பைச் சேர்ந்ததன்று. இத்தகைய இடங்களிற் கைபேசி தானே தேர்ந்துகொள்வதை நிறுத்தி, உரிய நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

நான்காவது, கடலிலும் இணையம் இன்றியமையாததாயின், கப்பலின் வை-ஃபையை வாங்குக. புறப்படுமுன் பதிவு செய்தாற் பெரும்பாலும் விலை குறையும். ஒரு கருவிக்கு வாங்கிய இணைப்பை, ஒருவர் விடுத்தபின் மற்றொருவர் பயன்படுத்தப் பல கம்பெனிகள் இடங்கொடுக்கின்றன. குடும்பத்தார் நால்வர்க்கு நான்கு இணைப்பு வேண்டுவதில்லை. நிலப்படங்களையும் திரைப்படங்களையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளின், கரையில் வாங்கிய தரவும் மிஞ்சும். உயர்தெளிவுத் திரைப்படம் ஒரு மணி நேரத்திற்கு 1 ஜி.பி.க்கு மேலும் விழுங்கவல்லது.

இறுதியாக ஒன்று கூறுவோம். பெருங்கட்டணம் செலுத்துவோரிற் பலர் ஆடம்பரத்திற்காகச் செலுத்துவதில்லை. வீட்டார் கவலையுறுவரே என்னும் அச்சத்தாற் செலுத்துகின்றனர். கப்பல் எந்நாளில் எத்துறையில் நிற்கும், எந்நாட்களிற் செய்தி வாராது என்பதை ஒரு தாளில் எழுதி, கப்பற் கம்பெனியின் அவசரத் தொலைபேசி எண்ணையுஞ் சேர்த்து வீட்டிற் கொடுத்துச் செல்க. முன்னறிந்த மௌனம் எவரையும் வருத்தாது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.